கோர்வைத் தறியில் எடுத்த வாக்குமூலம்

பாதி உடலைப் பகிர்ந்து கொடுத்த பின்னும் முழுமை குறையாத பெருமானே, நெற்றியில் நீறணிந்து உன்னை நினைந்து தொடங்குகிறேன். சொல் மிகாமலும் பொய் கலவாமலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நீயே எழுதுவிக்க வேண்டும்.

இன்று கார்த்திகைச் சோமவாரம்; வளர்பிறைத் திரயோதசி; மாலையில் பிரதோஷம். அபிஷேகத்துக்குப் பால் கொடுத்துவிட்டு, நந்திக்கு முன்னால் ஒரு பதிகம் பாடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட நல்ல நாள் பார்க்கத் தேவையில்லை.

ஆரணியில் நான் வேலை பார்த்த குடும்ப அட்டைப் பிரிவிலிருந்து இளம் உதவியாளர்கள் இருவர் சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். அட்டையில் பாலினம் மாற்றக் கேட்டு ஒரு திருநங்கை கொடுத்த மனு அவர்கள் மேசைக்கு வந்திருக்கிறது. “இப்ப கம்ப்யூட்டர்லயே அதுக்கு இடம் இருக்குது சார். அந்தக் காலத்துல எப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் குறிப்பிட்டது இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளை. காப்பி கொடுத்தேன். கதையை எழுதித் தருவதாகச் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த வரலாறு நீளமானதன்று. தேர்வு எழுதினேன், தேறினேன், சுருக்கெழுத்தில் தோற்றேன், கையெழுத்து நன்றாக இருந்ததால் குடும்ப அட்டைப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஒரு மனிதருக்கு நான்கு செய்திகள் நேரலாம் என்று பயிற்சியில் கற்பித்தார்கள்: பிறப்பு, திருமணம், இடமாற்றம், இறப்பு. நான்குக்கும் நான்கு படிவங்கள் இருந்தன. ஐந்தாவதாக ஒன்று நேரக்கூடும் என்று யாரும் சொல்லவில்லை. கோப்புகளைப் புரட்டும்போது வாய்க்குள் பதிகம் முணுமுணுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் அலுவலகத்தில் எனக்கு ‘ஓதுவார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் மாற்றத்துக்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

ஐந்தாவது செய்தி தொண்ணூறுகளின் கடைசியில் என் மேசைக்கு வந்தது. வந்தவள் உயரமானவள், வாயில் ரகப் பருத்திப் புடவை, தலையில் கனகாம்பரம். விரல்களின் உட்புறத்தில் மெல்லிய கோடுகள் இருந்தன. பட்டு நூல் அறுக்கும் கோடுகளை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடும்ப அட்டையை என் முன்னால் வைத்தாள். குடும்பத் தலைவி பச்சையம்மாள். கீழே மூத்த மகன் ஏழுமலை. அதற்குக் கீழே இளைய மகன் ரமேஷ்.

“அந்த ரமேஷ் நாந்தான் சார். இப்ப ரேணுகா. ஆபரேசன் ஆயிடுச்சு, டாக்டர் சர்ட்டிபிகேட்டு வச்சிருக்கேன். மாத்திக் குடுங்க.”

“எதையம்மா மாற்ற வேண்டும்?”

“எல்லாத்தையுந்தான். இன்னா மிச்சம் வைக்கறது?”

அப்போதிருந்த அதிகாரி விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பெயரை அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். பாலினத்தையும் உறவையும் மாற்ற விதியில் இடமில்லை என்றார். ரேணுகா சென்னைக்குப் போய், பிரமாண வாக்குமூலம் கொடுத்து, கட்டணம் கட்டி, சில மாதங்களில் அரசிதழின் அந்தப் பக்கத்தோடு திரும்பி வந்தாள். நான் ரமேஷ் என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ரேணுகா என்று எழுதி முத்திரை வைத்தேன். பக்கத்துக் கட்டங்கள் அப்படியே இருந்தன. ரேணுகா; ஆண்; மகன். தனித்தனியே பார்த்தால் மூன்றும் விதிப்படி சரி. சேர்த்துப் படிக்கும்போதுதான் இடர்.

சேர்த்துப் படிப்பவர் நியாயவிலைக் கடையில் இருந்தார். ஒரு முறை நானே வரிசையில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன்.

“ரேணுகா, ஆணு, மகனு… இன்னா பேஜாரு இது? மகன அனுப்பும்மா, கையெழுத்துப் போடணும்.”

“மகன் கிருஷ்ணாயில் வாங்கறதில்ல. நாந்தான் வாங்கறேன். ஜல்தியா ஊத்து.”

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டு போனாள். இப்படி ஏழெட்டு ஆண்டுகள் கடந்தன.

பிறகு திருநங்கையர் குறித்து அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதுவரை அவர்களை எந்தெந்தச் சொற்களால் அழைத்தார்கள் என்பதை இந்த நல்ல நாளில் எழுத வேண்டாம். உத்தரவின்படி அவர்களுக்கு, ஒருவரே இருந்தாலும் ஒரு குடும்பமாகக் கொண்டு, தனிக் குடும்ப அட்டை வழங்கலாம். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, முகவரியே இல்லாமல் இருந்தவர்களுக்கு அது பெரிய வாசல். உத்தரவை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை சற்று உரக்கப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர், “இன்னா ஓதுவார் சார், புதுப் பதிகமா?” என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு வழங்கல் அலுவலராக இருந்தவர் கஸ்தூரி அம்மையார். கண்ணமங்கலத்திலிருந்து தினமும் பேருந்தில் வருவார். அவரிடம் வேலை செய்தவர்கள் அவருடைய பென்சிலை மறக்க மாட்டார்கள். அறிக்கைகளில் எங்கெல்லாம் அலங்காரம் வருகிறதோ அங்கெல்லாம் அந்தப் பென்சில் ஒரு கோடு போடும். ‘மனுதாரர் மிகவும் பரிதாபகரமான நிலையில் வாழ்கிறார்’ என்று ஒரு முறை எழுதினேன். அடித்துவிட்டு, “வீட்ல அரிசி இருந்துதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ‘அரிசி இல்லை’ன்னு எழுதுங்க” என்றார்.

அவருக்கு வேறு இரண்டு வழக்கங்களும் இருந்தன. எந்த மனுவையும் மனுதாரரின் எதிரில் வாய்விட்டுப் படிப்பார். யாரோ எழுதிக் கொடுத்த மனுவில் தாம் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதை மனுதாரர் பலர் அங்கேதான் முதன்முதலில் கேட்டார்கள். இரண்டாவது, வீட்டுக்கு விசாரணைக்குப் போனால் யாரையும் வேலையை நிறுத்த விடமாட்டார். களை எடுப்பவர் எடுக்க வேண்டும். நெய்பவர் நெய்ய வேண்டும். “வேலைய நிறுத்திட்டு எழுந்து நின்னா அவங்க வேற ஆளாயிடுவாங்க. வேற ஆள் கிட்ட வாக்குமூலம் வாங்க எனக்கு அதிகாரம் இல்ல” என்பார். இதற்கு விதி எது என்று நான் கேட்டதில்லை.

உத்தரவு வந்த செய்தி கேட்டு ரேணுகா வந்தாள். நான் முந்திக்கொண்டு தனி அட்டைக்கான படிவத்தை என் நல்ல கையெழுத்தில் நிரப்பியே வைத்திருந்தேன். அம்மையார் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“உங்களுக்குத் தனிக் கார்டு குடுக்கலாம்னு உத்தரவு வந்திருக்கு. அரிசி, சர்க்கரை எல்லாம் உண்டு. படிவத்தை ஓதுவாரே எழுதிட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“எங்கம்மா கார்டுல என் பேரு இருக்குமா மேடம்?”

“ஒரு ஆள் பேரு ரெண்டு கார்டுல இருக்கக் கூடாது. அதுல நீக்கிட்டுத்தான் இது.”

“அப்ப வேணாங்க.”

எனக்கு வருத்தமாக இருந்தது. நிரப்பிய படிவம் வீணாகிறதே என்பதும் வருத்தத்தில் ஒரு பங்கு. “உங்களுக்காகத்தானம்மா அரசு இதைக் கொண்டுவந்திருக்கிறது” என்றேன்.

“தெரியுது சார். வூடு இல்லாதவங்களுக்கு அது சாமி வந்து நின்னாப்புல. எங்க ஜனத்துல ரெண்டு பேர நானே நாளைக்குக் கூட்டியாறேன், அவங்களுக்கு எழுதிக் குடுங்க. எனக்கு வூடு இருக்குது. வேலூர்ல பதினோரு வருசம் தனியா இருந்து பாத்தாச்சு. நைனா செத்த சேதி கேட்டு வந்தேன், எங்கம்மா உள்ள வான்னுச்சு, வந்துட்டேன். தனிக் கார்டு குடுத்தீங்கன்னா அந்தத் தெருவே இன்னா சொல்லும்? கவுர்மெண்டே பிரிச்சு வுட்டுடுச்சுன்னு சொல்லும். எங்கம்மா கார்டுல ஆண்ன்றத பெண்ணாக்குங்க, மகன்றத மகளாக்குங்க. அரிசி நீங்க ஒரு கிலோ கொறைச்சே குடுத்தாலும் பரவால்ல.”

“அரிசியக் குறைக்க விதியில இடமில்ல” என்றார் அம்மையார். பென்சிலை எடுத்து, நான் நிரப்பிய படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். “உங்கம்மாவுக்குச் சம்மதமா?”

“கைநாட்டு வச்சிருக்குது பாருங்க.”

“வீட்ல வேற யாருக்காவது ஆட்சேபணை?”

“எங்கண்ணனுக்கு இருக்கும். ஆனா எங்கிட்ட சொல்ல மாட்டாரு. பேசறதில்ல.”

“எத்தனை நாளா?”

“நான் வூட்டுக்கு வந்த நாள்லருந்து.”

கோப்பில் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. நான்கு பக்கங்கள் எழுதினேன். அரசிதழ், மருத்துவர் சான்று, தாயின் சம்மதம் ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே முடித்துவிட்டேன். மீதி மூன்று பக்கங்களில், இறைவன் தன் இடப்பாகத்தை உமையவளுக்கு ஈந்ததையும், அடியார்கள் அவனைப் பாடும்போது எந்தப் பாலையும் மீதி வைக்காமல் பாடியதையும், ஆகவே உலகத்துக்கெல்லாம் தலைவனுக்கே பொருந்துவது ஒரு வட்டத்துக் குடும்ப அட்டைக்குப் பொருந்தாதா என்பதையும் நயமாக எடுத்துரைத்திருந்தேன். எழுதி முடித்தபோது கண் கலங்கியது.

அம்மையார் நான்கு பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். பிறகு பென்சில் இரண்டாம் பக்கத்தில் தொடங்கி நான்காம் பக்கத்தின் அடியில் நின்றது.

“ஓதுவார் சார், சாமி பேர்ல யாராவது குடும்ப அட்டை கேட்டு மனு குடுத்திருக்காங்களா?”

“இல்லைங்கம்மா.”

“குடுத்தா அப்ப இத வச்சுக்கலாம். நாளைக்கு ஆடிட்ல கேட்டா, கயிலாயத்துலருந்து பதில் வாங்க முடியாது. இந்தப் பொண்ணுக்கு ஆதாரம் இந்த ஊர்லயே இருக்கணும்.”

அடித்த பக்கங்களை நான் கிழிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூஜை மாடத்தில் வைத்தேன்.

அண்ணன் ஏழுமலையின் ஆட்சேபணை மனு அடுத்த வாரமே வந்தது. நாற்பது வயது, ஒல்லி, சட்டைப் பையில் சீப்பு. மனுவைக் கொடுத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

“எம் பொண்ணுக்குப் பெரணமல்லூர்லருந்து மாப்ள வூட்டுக்காரங்க வந்துகினு போய்கினு இருக்காங்க மேடம். இந்த நேரத்துல கார்டுல அப்படி எழுதினா என் குடும்பத்தப் பத்தி இன்னா நெனைப்பாங்க? கவுர்மெண்டே தனிக் கார்டு குடுக்குது. வாங்கிகினு போவட்டும். நான் வேணான்னு சொல்லல.”

“பொண்ணு பாக்க வர்றவங்க ரேஷன் கார்டு கேப்பாங்களா?”

“இல்லீங்க. ஜாதகம் கேப்பாங்க.”

“ஜாதகத்துல நாங்க எதையும் மாத்தல.”

ஏழுமலை சிறிது யோசித்தார். “எங்கூட்ல அப்படி ஒரு ஆளே இல்லீங்க. அவ்ளோதான். வந்து பாத்துக்குங்க” என்றார்.

“வர்றோம்” என்றார் அம்மையார்.

இப்போது மனு ஒரே கேள்வியில் வந்து நின்றது. ரேணுகா அந்த வீட்டில் அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாக இருக்கிறாள் என்று விசாரணையில் தெரிந்தால், தாயின் அட்டையில் மகளாக எழுதலாம். இல்லையென்று தெரிந்தால் பெயரை நீக்க வேண்டும், தனி அட்டைதான். அதற்குமேல் அவளுக்கு வேறு வழி இல்லை.

இரண்டு நாள் கழித்துப் போனோம். நெசவாளர் தெரு, ஒருபுறம் விசைத்தறியின் இரைச்சல், மறுபுறம் கைத்தறியின் ஓசை. ஏழுமலையின் வீட்டு முன்கூடத்தில் குழித்தறி. அதில் கோர்வைப் புடவை ஏறியிருந்தது. உடல் மயில்கழுத்து நிறம், இருபுறமும் அரக்குக் கரை. வெளியூர் வாசகருக்காக ஒரு வரி: கரையும் உடலும் வெவ்வேறு நிறமாகக் கோத்து நெய்வதற்கு ஊடை நூல் ஏந்திய மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். இடக் கரையையும் உடலையும் நெசவாளர் பார்த்துக்கொள்வார். வலக் கரை நாடாவை வீசுவதற்கு அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒருவரால் முடியாது.

ஏழுமலை எழுந்திருக்கப் போனார். “உக்காருங்க, நெய்ங்க” என்றார் அம்மையார். பாய் விரித்தார்கள், உட்கார்ந்தோம். மூலையில் தாயார் பச்சையம்மாள் இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தாளும் அட்டையுமாகத் தயாரானேன்.

“உங்க பேரு?”

“ஏழுமலைங்க. நைனா பேரு முனுசாமி.” இடக் கரை நாடா போயிற்று.

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நானு, எங்கம்மா, எஞ்சம்சாரம், ஒரு பொண்ணு, ஒரு பையன்.” உடல் நாடா போயிற்று.

“ரேணுகான்னு ஒருத்தர்?”

“அப்படி யாரும் எங்கூட்ல இல்லீங்க மேடம்.”

வலக் கரை நாடா வந்தது. ஏழுமலையின் வலப்பக்கத்தில் உட்கார்ந்து அதை வீசியது ரேணுகா. முழங்கைக்கும் முழங்கைக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. அவள் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஏழுமலை தறிப் பலகையை இழுத்து ஊடையை அடித்தார்.

நான் அம்மையாரைப் பார்த்தேன். அம்மையார் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது கோர்வை தானே?”

“ஆமாங்க.”

“கோர்வைக்கு ரெண்டு பேரு வேணும்.”

“வேணுங்க.”

“ரெண்டாவது ஆள் யாரு?”

ஏழுமலை இடக் கரை நாடாவை ஓட்டினார், உடல் நாடாவை ஓட்டினார். கடைசியில், “கூலிக்கு வந்த ஆளுங்க” என்றார்.

மூலையில் இராட்டை நின்றது. “ஆளா? எந்த ஊரு ஆளுடா?” என்றார் பச்சையம்மாள். “மேடம், எட்டு வருசமா இதுங்க ரெண்டும் இந்தத் தறில ஒண்ணா குந்திகினுதான் நெய்யுதுங்க. ஒரு வார்த்த பேசறதில்ல. தறிப் பலகைய ரெண்டு தட்டு தட்டுனா உன் பக்கம் நூலு அறுந்துச்சுன்னு அர்த்தம். மூணு தட்டுனா சோறு துன்ன போலாம்னு அர்த்தம். ஒரே ஒரு தட்டு தட்டுனா வா, வந்து குந்துன்னு அர்த்தம். கட்டிகினவகிட்ட கூட இவன் இவ்ளோ பேசனதில்ல.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “ஆமா, எனக்கு ஒரு தட்டும் இல்ல” என்றது. ஏழுமலையின் மனைவியாக இருக்க வேண்டும். அதை நான் பதிவு செய்யவில்லை.

“ம்மா, சும்மா இரு” என்றார் ஏழுமலை.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். “எழுதுங்க. ‘ரேணுகா என்று எவரும் தம் வீட்டில் இல்லை என்று எதிர்மனுதாரர் கூறினார். கூறிய நேரத்தில் ரேணுகா அவருக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெய்யும் அதே புடவையின் வலக் கரை நாடாவை வீசிக்கொண்டிருந்தார்.’ அவ்வளவுதான். வேற ஒண்ணும் சேக்காதீங்க.”

சேர்க்கவில்லை. எனக்குத் தெரிந்த எந்த அலங்காரமும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குமேல் ஏறாது என்று எனக்கே தெரிந்தது.

பிறகு ரேணுகாவின் வாக்குமூலத்தைத் தனியாக வாங்க வேண்டும் என்று சொல்லி அவளை எழுப்பி, நாங்கள் பின்கட்டுக்குப் போனோம். வேலையை நிறுத்தக் கூடாது என்ற தம் வழக்கத்தை அம்மையார் அன்று ஒருவருக்கு மட்டும் தளர்த்தினார். முன்கூடத்தில் தறி நின்றது.

ரேணுகா சொல்லத் தொடங்கினாள். எப்போது வீட்டைவிட்டுப் போனாள், எப்போது வந்தாள். “நான் வந்தப்ப வலப்பக்கம் குந்த ஆளில்லாம தறி சும்மா கெடந்துச்சுங்க. அண்ணனோட பசங்க ரெண்டும் அப்ப ஸ்கூலுக்குப் போய்கினு இருந்துச்சுங்க. மூணு நாளு அவரு தறில வெறும் பாவு நூலப் பாத்துகினு உக்காந்திருந்தாரு. நாலாம் நாளு நான் போய் குந்தனேன். எழுந்து போன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. இடக் கரைய போட்டாரு. உடல போட்டாரு. எனக்காவ நின்னாரு. நான் வீசனேன். அவ்ளோதாங்க நாங்க பேசனது.”

அப்போது முன்கூடத்திலிருந்து ஓர் ஓசை கேட்டது. பலகையை ஒரே ஒரு தட்டு.

ரேணுகா பேச்சை நிறுத்தினாள். மறுபடியும் ஒரு தட்டு. இந்த முறை சற்றுப் பலமாக.

“அண்ணன் கூப்புடறாருங்க” என்றாள்.

அம்மையார் என்னைப் பார்த்து, “எழுதிட்டீங்களா?” என்று கேட்டார். ‘விசாரணையின்போது எதிர்மனுதாரர் மனுதாரரை இருமுறை அழைத்தார்’ என்று எழுதியிருந்தேன். எப்படி அழைத்தார் என்பதையும் எழுத வேண்டுமா என்றேன். இரண்டு சொற்களுக்கு மேல் சேர்க்காமல் எழுதச் சொன்னார். ‘தறிப் பலகையைத் தட்டி’ என்று மூன்று சொற்கள் ஆயின. விட்டுவிட்டார்.

வாக்குமூலத்தை ஏழுமலையின் எதிரில் வாய்விட்டுப் படித்தோம். அவர் காது சிவந்தது.

“அந்த ரெண்டாவது வரிய எடுத்துடுங்க மேடம்.”

“பொய்யா எழுதியிருக்கா?”

“பொய்யில்லீங்க.”

“அப்ப?”

“மானம் போவுதுங்க.”

“உங்க மனுவ வாபஸ் வாங்கிக்கலாம். வாங்கிகிட்டா இந்த வாக்குமூலமே வேணாம்.”

ஏழுமலை தறியைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டவளை மட்டும் பார்க்கவில்லை. “ஆட்சேபணை ஆட்சேபணதான். எழுதனது எழுதனதுதான். குடுங்க” என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் இடக் கரை நாடாவை எடுத்துவிட்டார். வெளியே செருப்பு மாட்டும்போது மூன்று நாடாக்களும் ஓடும் ஓசை கேட்டது. எனக்கு ஒரு பாட்டு தொண்டைவரை வந்தது. பக்கத்தில் அம்மையார் இருந்தார், விழுங்கிக்கொண்டேன்.

ஆட்சேபணையை நிராகரித்து அம்மையார் உத்தரவிட்டார். அரசிதழ், மருத்துவர் சான்று, தலைவியின் சம்மதம், நேரடி விசாரணை. ஆகவே பாலினம் பெண், உறவு மகள். மேலிடத்திலிருந்து ஒரு வினா வந்தது: இத்தகையோருக்குத் தனி அட்டை வழங்க உத்தரவு இருக்க, இவ்வாறு செய்தது ஏன்? அம்மையார் ஒரே வரியில் பதில் எழுதினார்: ‘மனுதாரர் தனியாக இல்லை.’ அதற்குமேல் வினா வரவில்லை.

எல்லாம் கணினிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பதிவுகளை ஏற்றி, அச்சிட்ட புதிய அட்டையை ரேணுகாவே வந்து வாங்கிக்கொண்டாள். என் மேசைக்கு முன்னால் நின்று அந்த ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். ரேணுகா; பெண்; மகள். வயதைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பத்து நாள் இருக்கும். ஏழுமலை வந்தார். கையில் அட்டை. முகம் கடுகடுவென்று இருந்தது. மேல்முறையீட்டுக்கு எந்த அலுவலகம் போக வேண்டும் என்று கேட்பார் என எண்ணி, முகவரியை மனத்துக்குள் தயார் செய்துகொண்டேன்.

“இன்னா சார் ஆபீஸ் நடத்தறீங்க? இத பாருங்க.” அட்டையை மேசைமேல் போட்டார்.

“ஆட்சேபணை முடிந்துவிட்டதே ஏழுமலை. உத்தரவாகிவிட்டது.”

“ஆட்சேபண வேற, இது வேற சார். வயசப் பாருங்க.”

பார்த்தேன். ஏழுமலைக்கு நாற்பது. அதற்குக் கீழே, முப்பத்தாறு என்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தாறு. தட்டச்சு செய்தவரின் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்திருக்கிறது.

“எனக்கு அக்காவா சார் அது? கடைக்காரன் சத்தமா படிக்கறான். ‘ஏழுமல, உங்கக்காவுக்கு ரெண்டு கிலோ சக்கர’ன்றான். ஜனங்க சிரிக்குதுங்க. மூத்தவள வூட்ல குந்த வச்சுட்டுத் தம்பிக்காரன் கண்ணாலம் பண்ணிகினான்னு நாளைக்கு எவனாவது பேசுவான். நான் மூத்தவன் சார். நாலு வயசு மூத்தவன்.”

“திருத்தலாம். ஆதாரம் வேண்டுமே. பிறப்புச் சான்று உண்டா?”

“வூட்ல பொறந்துச்சு சார். சான்றுக்கு எங்க போறது?”

“அப்படியானால் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் நேரில் அறிந்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம். அம்மாவை அழைத்து வாருங்கள்.”

“எங்கம்மாவுக்கு வருசம் தெரியாது. நான் எழுதறேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.”

தாள் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். நெய்யும் கை பேனாவைப் பிடிக்கச் சிரமப்பட்டது. எழுதியதை வாங்கி, அலுவலக வழக்கப்படி அவர் எதிரிலேயே வாய்விட்டுப் படித்தேன். ‘என் தங்கச்சி ரேணுகா பிறக்கும்போது எனக்கு நாலு வயசு. மருத்துவச்சியைக் கூப்பிடப் போன என் அப்பாவோடு நானும் ஓடினேன். தங்கச்சியை முதல் முதலில் என் மடியில்தான் வைத்தார்கள். ஆகவே நான்தான் மூத்தவன். இது உண்மை.’

“சரியா?” என்றேன்.

“சரி சார்.” கையெழுத்துப் போட்டார்.

தாளை அம்மையாரிடம் கொண்டுபோனேன். ஒரு முறை படித்தார். பென்சில் கையில் இருந்தது. கோடு போடவில்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து ‘திருத்துக’ என்று எழுதினார். பிறகு வாசலருகில் நின்றிருந்த ஏழுமலையைப் பார்த்து, “உங்க ஆட்சேபணை மனு கோப்புல இருக்கே, அத என்ன பண்றது?” என்று கேட்டார்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். “அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டுங்க மேடம். மொதல்ல இத மாத்திக் குடுங்க. தறி நிக்குது, அங்க தங்கச்சி தனியா குந்திகினு இருக்கும்” என்றார்.

இதைப் படித்த உங்கள் ஒவ்வொருவர் வீட்டு அட்டையிலும் பெயர் குறையாதிருக்கட்டும். பெயருக்கு எதிரே அவரவர்க்கு உரிய உறவு அழியாமல் நிற்கட்டும். அரிசிப் பானையும் ஆண்டவன் நினைவும் காலியாகாதிருக்கட்டும். நல்லனவெல்லாம் உங்களைத் தேடி, சரியான முகவரிக்கே வந்து சேரட்டும்.